பென்சில் கோடும் சந்தனப் பொட்டும்

செல்போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படிக்கிற என் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். இளசுகள் படித்தால் படிக்கட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மானிட்டரைப் போட்டதும் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வரும், முழங்கையைக் கிட்டே கொண்டுபோனால் ரோமம் எழுந்து நிற்கும் என்று சொன்னால் உங்களுக்கு உடனே புரியும். என் மகளிடம் சொன்னால், "மானிட்டர் ஏம்மா சத்தம் போடுது?" என்று கேட்கிறாள். அவளுக்கு விளக்க எனக்குப் பொறுமை இல்லை.

நம் காலத்தில் கம்ப்யூட்டர் என்பது வீட்டுக்கு வருகிற மருமகள் மாதிரி. நல்ல நாள் பார்க்க வேண்டும், இடம் ஒதுக்க வேண்டும், அக்கம்பக்கத்தில் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கு அது முழுசாக வரவில்லை. துண்டு துண்டாக, கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகளில் வந்தது. அது வந்த ஒரே ஒரு பருவத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். புரட்டாசியில் தொடங்கி மாசியில் முடிந்துவிட்ட பருவம். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். நான் எட்டாம் வகுப்பு.

அரியலூரில் எங்கள் வீடு சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற சாலையில் இருந்தது. வாசல் முருங்கை எப்போதும் பவுடர் பூசிக்கொண்டு நிற்கும். காலையில் துடைத்த நாற்காலியில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். அப்பா கட்டட மேஸ்திரி. ஊரில் பாதிப் பேருக்கு மாடி எடுத்துக் கொடுத்தவர். எங்கள் வீட்டில் மட்டும் மொட்டைமாடியில் தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றன. துருப் பிடிக்காமல் இருக்க வருடத்துக்கு ஒரு தடவை அவற்றுக்குச் சிமெண்டுப் பால் பூசுவார். அம்மா அவற்றில் கொடி கட்டித் துணி காயப்போடுவாள்.

வீட்டில் இன்னும் இரண்டு பேர். ஒருவர் சித்தப்பா, அப்பாவின் தம்பி. பெரம்பலூருக்கு பஸ் ஏறிப் போய்க் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்தவர். இன்னொருவர் அத்தை. அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. தாயில்லாத சித்தப்பாவைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். கல்யாணமாகிப் போனவளை, கணவர் லாரி விபத்தில் இறந்த பிறகு அப்பா போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். குழந்தை இல்லை. வீட்டில் விளக்கேற்றுவது, புதுத்துணிக்கு மஞ்சள் வைப்பது போன்ற சமயங்களில் அவள் தானாகவே பின்கட்டுக்குப் போய்விடுவாள். போ என்று யாரும் சொன்னதில்லை, இரு என்றும் சொன்னதில்லை. இரண்டாவதுதான் பெரிய குறை என்று இந்த வயதில் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அது வீட்டின் பல வழக்கங்களில் ஒன்று, அவ்வளவுதான்.

சித்தப்பாவுக்கு அப்போது ஒரு கெடு இருந்தது. தெரிந்தவர் ஒருவர் மூலமாக அப்பா குவைத்துக்கு விசா ஏற்பாடு செய்துவிட்டார். சித்தப்பாவுக்குப் போக விருப்பமில்லை. பெரம்பலூரில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவர், கல்யாண வீடியோ கேசட்டுகளை வெட்டி ஒட்டி மிக்சிங் செய்யத் திருச்சிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார். இங்கேயே யாராவது செய்து தந்தால் எல்லா வேலையையும் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அரும்பாவூர்க் கல்யாணம், ஆண்டிமடத்துக் கல்யாணம் எல்லாமே அவர் கையில்தான். ஒரு நல்ல கம்ப்யூட்டர் இருந்தால் போதும் என்று சித்தப்பா கேட்டார். தை வரைக்கும் பார், ஓடினால் இரு, ஓடாவிட்டால் விமானம் ஏறு என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் குரல் எனக்கு அன்றைக்கு ரொம்பக் கடுமையாகப் பட்டது.

நல்ல கம்ப்யூட்டர் என்றால் திருச்சியில் போய்த் தவணையில் ஒன்றைத் தூக்கி வருவது என்றுதான் அப்பா நினைத்திருந்தார். சித்தப்பா மாட்டேன் என்றார். கடையில் முழுசாக மாட்டிக் கொடுப்பதில் பாதி விலை பெட்டியின் மேலிருக்கும் பெயருக்கு. உள்ளே என்ன போட்டிருக்கிறான் என்று தெரியாது. நாளைக்கு ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால் இடமிருக்காது. பாகம் பாகமாக வாங்கி நானே மாட்டுகிறேன் என்று சொல்லி, ஒரு சாயங்காலம் அப்பாவை மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். காயப்போட்ட துணிகளுக்கு நடுவே நின்று நானும் கேட்டேன்.

பிராசஸரில் காசைக் கொட்டக் கூடாது என்பது சித்தப்பாவின் கட்சி. அது வருடத்துக்கு வருடம் மாறுவது, இப்போதைக்குச் சின்னதாகப் போதும். மதர்போர்டு மட்டும் நல்லதாக இருக்க வேண்டும், நாளைக்கு வருகிற பெரிய பிராசஸரும் அதில் உட்கார வேண்டும். ராம் இரண்டு சின்னதாக வாங்கி இரண்டு இடத்தையும் அடைக்கக் கூடாது, ஒரே பெரியதாக வாங்கி மற்ற இடத்தைக் காலியாக விட வேண்டும். கரண்டு பெட்டி மட்டும் தேவைக்கு மேல் பலமானதாக இருக்கட்டும், பின்னால் எதைச் சேர்த்தாலும் தாங்கும். ஹார்டு டிஸ்க்கைப் பிறகு ஒன்று கூட்டிக்கொள்ளலாம். 'பின்னால போட்டுக்கலாம்' என்பதை அவர் எத்தனை தடவை சொன்னார் என்று எண்ணியிருக்க முடியாது.

அப்பா பக்கத்திலிருந்த தூண் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கம்பி விட்டு வைக்கிறேங்கிற" என்றார்.

"அதேதாண்ணே. அஸ்திவாரம் பெருசு, இப்போதைக்கு ஒரே ரூம்பு."

அதோடு அப்பா மாடிக்கென்று வைத்திருந்த பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். சித்தப்பா ரயிலேறிச் சென்னை போய், ரிச்சி தெருவில் கடை கடையாக அலைந்து, மறுநாள் ராத்திரி பெட்டிகளோடு வந்து இறங்கினார். அந்தப் பெட்டிகளைத் திறந்தபோது வந்த வாசனையை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். தெர்மாகோல், புது பிளாஸ்டிக், சூடாக்கிய ஈயம் மூன்றும் கலந்த வாசனை. மதர்போர்டு வந்த வெள்ளிநிறப் பையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பிறகு என் ஜாமெட்ரி பாக்ஸ் அதற்குள்தான் இருந்தது. இப்போது பையும் இல்லை, பாக்ஸும் இல்லை.

சின்ன பிராசஸர் வைத்துக்கொண்டு வீடியோ வேலை எப்படி நடக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. விளம்பரத்தில் வருகிற பிராசஸர் வாங்காததில் எனக்கு வருத்தம்தான், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்ள முடியாதே. அதற்கும் சித்தப்பா பதில் வைத்திருந்தார். அது சின்னது இல்லை பாப்பா, சின்னதாக இருக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்றார். ஓவர்கிளாக் என்ற வார்த்தையை அன்றுதான் கேட்டேன். கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேல் ஓட்டுவது. அந்த பிராசஸரின் முதுகில் எறும்பு வரிசை மாதிரி தங்கப் புள்ளிகள் இருந்தன. ஜோடி ஜோடியாக இருந்த அவற்றுக்கு நடுவே இணைப்பை அறுத்துவிட்டிருந்தார்கள். அந்த இடைவெளியைப் பென்சிலால் கோடு போட்டு இணைத்துவிட்டால் பூட்டுத் திறந்துவிடும், வேகத்தை நாமே ஏற்றிக்கொள்ளலாம். பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும் என்று நம் அறிவியல் பாடத்தில் இருந்ததல்லவா, அது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உபயோகப்பட்டது எனக்கு அங்கேதான்.

ஒன்றே ஒன்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். வேகம் கூடினால் சூடு கூடும். சூட்டை வெளியே இழுக்க மேலே ஒரு அலுமினியக் கட்டியும் விசிறியும் இருக்கிறது. அந்தக் கட்டி பிராசஸரோடு ஒட்டி உட்கார வேண்டும், நடுவே இடைவெளி வரக்கூடாது. அதற்கென்று வெள்ளையாக ஒரு பசை, சின்ன டப்பாவில் வாங்கி வந்திருந்தார்.

மறுவாரம் ஆயுத பூஜை வந்தது. அதுவரை எதையும் மாட்டக் கூடாது, பூஜையில் வைத்துவிட்டு விஜயதசமி அன்று மாட்டலாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். அதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. அப்பாவின் கரணை, மட்டப்பலகை, ரசமட்டம், தூக்குக்குண்டு எல்லாம் கழுவித் துடைத்து வரிசையாக உட்கார்ந்தன. பக்கத்தில் ஒரு புதுப் பாயில் கம்ப்யூட்டர் சாமான்கள். பெட்டியிலேயே இருக்கட்டும் என்று சித்தப்பா எவ்வளவோ சொன்னார். அட்டைக்கா பொட்டு வைப்பது என்று அம்மா கேட்டதும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தார்.

சந்தனம் வைப்பது எப்போதும் அம்மாதான். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவள் பாய்ப்பக்கம் திரும்பியபோது சித்தப்பா, "அண்ணி, இதுக்கு மட்டும் அக்கா வைக்கட்டும்" என்றார்.

பின்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா ரசமட்டத்தைப் பார்த்தார்.

"புதுச் சாமான் தம்பி. தை வரைக்கும் கெடு வேற இருக்கு. யோசிச்சுக்கங்க" என்றாள் அம்மா. அதில் வன்மம் இல்லை. பயம்தான் இருந்தது. அவளுக்குச் சித்தப்பா மேல் பிரியம் அதிகம், அவர் குவைத்துக்குப் போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டவளே அவள்தான்.

"யோசிச்சிட்டேன் அண்ணி. இது ஓடுனா என்னைய வளத்தவ கையால ஓடட்டும்."

அத்தை வரவில்லை. சித்தப்பா எழுந்துபோய்க் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். கிண்ணத்தை வாங்கி அவள் கையில் வைத்தார். அவள் கேபினட்டுக்கு வைத்தாள், மானிட்டருக்கு வைத்தாள், கீபோர்டுக்கு வைத்தாள். கடைசியாக பிராசஸரைச் சித்தப்பாவின் உள்ளங்கையில் பார்த்து, இதுதான் மூளையா என்று கேட்டாள்.

"இத்துனூண்டுக்கு நெத்தி எது?" என்றாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம், அம்மாகூடச் சிரித்துவிட்டாள். அத்தையும் சிரித்து, நடுவில் மேடாகக் கண்ணாடி மாதிரி மின்னிய சின்னச் சதுரத்தில் சந்தனத்தை அப்பி, அதன்மேல் துளி குங்குமம் வைத்தாள். அத்தை எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு அவள் எதற்காவது பொட்டு வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை குளித்துவிட்டு மாட்ட உட்கார்ந்தோம். சித்தப்பாவுக்கு விரல்கள் தடி, எனக்கு மெலிசு. என் எச்.பி. பென்சிலை ஊசியாகச் சீவி, பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, "நீ போடு பாப்பா" என்றார். மூச்சை அடக்கிக்கொண்டு புள்ளிக்குப் புள்ளி கோடு போட்டேன். பரீட்சையில்கூட அவ்வளவு கவனமாகக் கோடு போட்டதில்லை.

பிறகு சித்தப்பா கொஞ்சம் பஞ்சைக் கிள்ளி எடுத்தார். பிராசஸர் மேலிருந்த பொட்டின் கிட்டே கொண்டுபோனார். அத்தை வாசற்படி நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அம்மா. பூஜையில் வைத்த பொட்டை மறுநாளே துடைக்கிற வழக்கம் எங்களில் கிடையாது, அதுவாகத்தான் உதிர வேண்டும். சித்தப்பா ஒரு கணம் அத்தையைப் பார்த்தார். பஞ்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பசை டப்பாவைத் திறக்காமலே ஓரமாக நகர்த்தி வைத்தார். விசிறிக் கட்டியை அப்படியே வைத்து அழுத்திக் கொக்கியை மாட்டினார். நான் என் கோடு நேராக இருக்கிறதா என்ற யோசனையிலேயே இருந்தேன்.

அது ஓடியது. என்னவொரு ஓட்டம்! டிப்ளமோ படித்த இடத்தில் டீ குடித்துவிட்டு வருகிற நேரம் பிடிக்கும் வேலையை இது கண்ணெதிரில் முடிக்கிறது என்று சித்தப்பா துள்ளினார். ஐப்பசி மழையில் பஸ்ஸில் பெரம்பலூருக்குப் போய்க் கேசட்டுகளை வாங்கி, பாலித்தீன் பையில் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டு வருவார். வீட்டில் புதுச் சட்டங்கள் வந்தன. கம்ப்யூட்டர் ஓடும்போது கிரைண்டர் போடக் கூடாது, அயர்ன் பாக்ஸ் கூடாது, செருப்போடு அந்த அறைக்குள் நுழையவே கூடாது. மாவாட்ட வேண்டுமென்றால் அம்மா வந்து அனுமதி கேட்பாள். 'சேவ் பண்ணிக்கிறேன் அண்ணி, ரெண்டு நிமிசம்' என்பார் சித்தப்பா.

அத்தை அந்த அறையிலேயே குடியேறிவிட்டாள். முதலில் எட்டி நின்று பார்த்தாள், பிறகு முக்காலி வந்தது, பிறகு அவள் சொல்லாமல் சித்தப்பா எதையும் வெட்டுவதில்லை என்றாகிவிட்டது. ரோஜாப்பூ விரிந்து அதற்குள் பெண்ணின் முகம் வருவது, மாப்பிள்ளை இதய வடிவத்துக்குள் சுற்றுவது, மேலிருந்து பூ கொட்டுவது எல்லாம் அத்தையின் தேர்வு. இப்போது பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். உங்கள் வீட்டுக் கல்யாணக் கேசட்டிலும் அதேதான் இருக்கும், ரொம்பச் சிரிக்காதீர்கள். சொந்தக்காரர் கல்யாணங்களில் பந்தி நடக்கும் இடத்திலேயே நின்றுவிட்டுத் திரும்பி வருகிறவள், பெரம்பலூர் வட்டாரத்துக் கல்யாணம் ஒவ்வொன்றிலும் தாலி ஏறுகிற நிமிடத்தைக் கண்ணுக்கு நேரே பார்த்தாள். "இங்க நிறுத்து தம்பி, அந்தப் பொண்ணு கண்ணு கலங்குது பாரு, அத வெட்டிராத" என்பாள். ஸ்டுடியோக்காரர் வந்து பார்த்துவிட்டு, திருச்சியில் செய்ததைவிட இது நன்றாக இருக்கிறது, தையில் வருகிற கல்யாணம் எல்லாம் உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அம்மா கேசரி கிண்டினாள்.

வேலை முடிந்ததும் அத்தை புறங்கையைக் கேபினட்டின் மேல் வைத்துப் பார்ப்பாள். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதைப் போல. கார்த்திகை கடைசியில் ஒருநாள் கையை எடுக்காமல், "சுடுது தம்பி, மேலுக்கு முடியாத மாதிரி இருக்கு" என்றாள். சித்தப்பா திரையில் சூட்டின் அளவைப் பார்த்தார், முகம் மாறியது. அன்றிலிருந்து வேலைக்கு நடுவில் படம் உறைந்து நிற்க ஆரம்பித்தது. லாரித் தூசிதான் காரணம் என்று நினைத்து விசிறியைப் பெயிண்ட் பிரஷ்ஷால் துடைத்தார். பக்கக் கதவைக் கழற்றி மேசை விசிறியைத் திருப்பி வைத்தார். ஏற்றிய வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். மார்கழியில் கல்யாணம் இல்லாததால் சமாளித்துவிட்டோம்.

தை பிறந்தது. கேசட்டுகள் குவிந்தன. முதல் முகூர்த்தத்து வேலையின் நடுவே திரை அணைந்து, அறையில் கருகிய நாற்றம் வந்தது. எரிந்த கொட்டாங்குச்சி நாற்றத்தோடு வேறு என்னவோ கலந்திருந்தது. அது என்னவென்று அன்றைக்கு எனக்குப் பிடிபடவில்லை.

சித்தப்பா என்னிடம் டார்ச்சைக் கொடுத்துக் கதவைச் சாத்தினார். கொக்கியை நெம்பி விசிறிக் கட்டியைத் தூக்கினார். பிராசஸரின் மேல் பழுப்பாக, காய்ந்து பாளம் பாளமாக வெடித்த ஏதோ ஒன்று ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினார், பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அதை விரலில் வைத்து வெகுநேரம் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். எரிந்துபோன பாகம் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சித்தப்பா ஒரு துளிகூட மிச்சமில்லாமல் பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் கதவைத் திறந்தார்.

வெளியே எல்லோரும் நின்றிருந்தார்கள். அத்தை எல்லோருக்கும் பின்னால், பின்கட்டு ஓரமாகப் போய் நின்றிருந்தாள். மூன்று மாதமாக அவள் அந்த இடத்தில் நின்று நான் பார்க்கவில்லை.

"மதர்போர்டும் சேந்து போயிருச்சுண்ணே" என்றார் சித்தப்பா.

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். "நான் அன்னிக்கே..." என்று ஆரம்பித்தவளைச் சித்தப்பா முடிக்க விடவில்லை. நான் பார்த்தவரை அவர் அம்மாவின் பேச்சில் குறுக்கிட்டது அந்த ஒரு தடவைதான்.

"யாரும் ஒண்ணும் பண்ணல அண்ணி. கம்பெனிக்காரன் போதும்னு சொன்ன வேகத்துக்கு மேல ஓட்டுனேன். பென்சில் கோடு போட்டுப் பூட்டத் தொறந்தேன். அது தாங்கல. பேராச என்னோடது."

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். நான் அங்கேயே நின்றேன். பென்சில் என்னுடையது, கோடு நான் போட்டது. யாரும் என்னைப் பார்க்கவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். மறுநாள் அந்தப் பென்சிலை வெள்ளிப் பையோடு சேர்த்து, தண்ணீர் நின்றிருந்த சுண்ணாம்புக்கல் குழியில் எறிந்துவிட்டு வந்தேன். சித்தப்பா நாடு விட்டுப் போவதற்கு நான்தான் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

ஸ்டுடியோக்காரர் நல்ல மனிதர். கேசட்டுகளை வாங்கிக்கொண்டு போகும்போது சித்தப்பாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். திருச்சிக்கு பஸ் ஏறுவதைத் தவிர அவருக்கும் வழியில்லை, கல்யாண வீட்டார் விடுவார்களா. மாசியில் சித்தப்பா புறப்பட்டார். அரியலூர் ஸ்டேஷனில் சூட்கேஸை அப்பாதான் தூக்கிக்கொண்டு வந்தார், சித்தப்பா கேட்டும் தரவில்லை. அத்தை ஜன்னல் வழியாக அவர் தலையைத் தடவிக்கொண்டே நின்றாள். ரயில் போன பிறகு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த அப்பா என்னிடமா காற்றிடமா என்று தெரியாமல் பேசினார்.

"தைன்னு சொன்னது ஒரு பேச்சுக்கு. இன்னும் ஒரு வருசம் குடுன்னு கேட்டிருந்தா நான் என்ன மாட்டேன்னா சொல்லிருப்பேன்?"

சித்தப்பா கேட்கவில்லை. அவர் கேட்க மாட்டார் என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தால் அப்பா கொடுத்திருப்பார் என்று சித்தப்பாவுக்கும் தெரியவில்லை. நம் வீட்டு ஆண்கள் இப்படித்தான், வாயில் கொழுக்கட்டை.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. அப்பாவின் சாமான்கள் மட்டும் வரிசையில் இருந்தன. அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்து சற்று நின்றாள். பின்கட்டுக்குப் போனாள். அத்தையைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, கிண்ணத்தை அவளிடம் கொடுத்தாள். தம்பி ஆசைப்பட்டதாச்சே, நீயே வை என்றாள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் வந்த எந்தப் புதுப் பொருளுக்கும் முதல் பொட்டு அத்தைதான். மாடி எடுத்தபோது நிலைக்கு அவள்தான் வைத்தாள். என் கல்யாணத்துக்கு வாங்கிய பீரோவுக்கும் அவள்தான்.

இதெல்லாம் பழைய கதை. அப்பா அம்மா இப்போது இல்லை. அத்தை பெரம்பலூரில் என்னோடுதான் இருக்கிறாள், தலை முழுக்க வெளுத்துவிட்டது. சித்தப்பா வெகுவருடம் குவைத்தில் இருந்துவிட்டு வந்து, இங்கேயே பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். போன வருடம் என் மகள் ஒரு கம்ப்யூட்டர் கட்டப்போகிறேன் என்றாள். கட்டுவது என்றுதான் இப்போது சொல்கிறார்கள், மேஸ்திரி பேத்தி அல்லவா. விலைகளைப் பார்த்து எனக்கு மயக்கம் வந்தது. சித்தப்பாவைக் கூப்பிட்டேன். சின்னத் தாத்தாவும் பேத்தியும் ஒரு வாரம் உட்கார்ந்து பேசினார்கள். பிராசஸர் சின்னதாகப் போதும், போர்டு நல்லதாக இருக்கட்டும், ராமுக்கு இடம் விட்டு வை. 'பின்னால போட்டுக்கலாம்' என்ற குரல் கூடத்திலிருந்து வந்தபோது சமையலறையில் நான் கரண்டியோடு நின்றுவிட்டேன்.

ஆயுத பூஜை அன்று பாயை விரித்து எல்லாவற்றையும் வைத்தோம். பிராசஸரை மகள் கையில் வைத்திருந்தாள். அத்தை சந்தனக் கிண்ணத்தோடு வந்து குனிந்தாள்.

"இத்துனூண்டுக்கு நெத்தி எதுடி?"

மகள் சிரித்தாள். சித்தப்பா சிரிக்கவில்லை. முழங்கால் வலிக்காரர், எப்படி எழுந்தார் என்று தெரியவில்லை, மகள் கையிலிருந்து அதை வாங்கிவிட்டார். "இரு அக்கா, இரு" என்றார். மறுநாள்தான் மாட்ட வேண்டும் என்று மகள் சொன்னதைக் காதில் வாங்காமல் போர்டில் உட்கார வைத்தார், பசை தடவினார், விசிறிக் கட்டியைப் பொருத்தினார், போர்டைக் கேபினட்டுக்குள் முடுக்கி, பக்கவாட்டுக் கண்ணாடிக் கதவையும் மூடினார். அதற்குப் பிறகுதான் அத்தை பக்கம் திரும்பினார். நெற்றி வியர்த்திருந்தது.

"இதாங்க்கா நெத்தி. இப்ப வையி" என்று கண்ணாடியைக் காட்டினார்.

அத்தை வைத்தாள். எனக்கு அந்த நாற்றம் நினைவுக்கு வந்தது. கொட்டாங்குச்சியோடு கலந்திருந்தது என்னவென்று இத்தனை வருடம் கழித்துப் பிடிபட்டது. எரிந்த சந்தனம். பிறகு பஞ்சு, காய்ந்த பொருக்கு, சாத்திய கதவு எல்லாம் தாமாகவே வந்து உட்கார்ந்தன.

சித்தப்பா கை கழுவக் கொல்லைக்குப் போனார். பின்னாலேயே போனேன்.

"சித்தப்பா, அன்னிக்கு அது பென்சில் கோடு இல்லையா?"

அவர் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"கோடு என்ன பண்ணும் பாப்பா? நீ போட்ட கோடு கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. சந்தனம்தான்னு தெரிஞ்சிருந்தா, அக்கா கை ராசின்னு சொல்லிருப்பாங்க. அப்புறம் அக்கா ஆயுசுக்கும் பின்கட்ட விட்டு வெளிய வந்திருக்காது."

"நான் போட்ட கோட்டாலதான் நீங்க போனீங்கன்னு நெனச்சேன்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். அப்படியொரு யோசனை அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஒருத்தியைக் காப்பாற்றுகிற அவசரத்தில் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவளை அவர் பார்க்கவே இல்லை. கோபப்படலாம் என்றுதான் போனேன். அவர் வாய் கோணுவதைப் பார்த்ததும் கோபமெல்லாம் போய்விட்டது.

"இத்தன வருசமாவா?" என்றார். ஈரக்கையோடு என் தலையில் கைவைத்தார். "என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா பாப்பா?"

கேட்காத குடும்பத்தில் பிறந்தவள் நான், எப்படிக் கேட்பேன். முந்தானையை நீட்டினேன், கையைத் துடைத்துக்கொண்டார். அக்காவிடம் எதுவும் சொல்லிவிடாதே என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

உள்ளே மகள் பொறுமை இழந்து, மிச்சத்தையும் மாட்டி ஒயரைச் செருகிவிட்டாள். விசிறிகள் சுற்றின, பெட்டிக்குள் நீலமாக விளக்கு எரிந்தது. அத்தை வழக்கம்போலப் புறங்கையைக் கேபினட்டின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுடல. இது எத்தன வருசம் ஓடும் தம்பி?"

"நீ பொட்டு வச்சதாச்சேக்கா. நல்லா ஓடும்" என்றார் சித்தப்பா.

அத்தை கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தைத் தொட்டு மகளுக்கு வைத்தாள், எனக்கு வைத்தாள். அவள் கை தன் பக்கம் வருவதற்கு முன்பே சித்தப்பா தலையைக் குனிந்து கொடுத்தார்.